முதிய மோட்டார் வண்டியை வீட்டிலே பேணுதல்



யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் கொழும்பின் ஒழுங்கைகளிலும் மலைநாட்டின் வளைந்த பாதைகளிலும், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்திலே செய்யப்பெற்ற மோட்டார் வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதை நாம் காண்கின்றோம். மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்னும் பெயர்கள் நம் வீடுகளிலே உறவினரின் பெயர்களைப் போலப் பழகிப்போனவை. இவற்றைத் துடைத்து மினுக்கித் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மாத்திரம் வெளியிலே எடுப்பவர் உளர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்வதற்கும், தோட்டத்து வெங்காய மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கும் இவற்றையே நம்பியிருப்பவரும் உளர். இரு சாராருக்கும் பொதுவான ஒரு கடமை உண்டு. அதுபற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

பேணுதல் வேறு, செப்பனிடுதல் வேறு. உடைந்ததைத் திருத்துவது செப்பனிடுதல். உடையாமற் பார்ப்பது பேணுதல். முதிய வண்டிகளுக்கு நேரும் பெரிய செலவுகளுட் பெரும்பாலானவை, சிறிய பேணுதல்கள் தவறியமையால் வருபவை. பேணுதலோ பெரும்பாலும் வீட்டு முற்றத்திலே, மாமர நிழலிலே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையிலே செய்யத்தக்கது. அதற்கு வேண்டுவன பொறுமை, ஒழுங்கு, சில கருவிகள் ஆகியவையே.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அது 1948 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியிலே முதன்முதலாகக் காட்டப்பெற்றது. அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். மாதிரி வண்டி மிக ஒடுங்கியதாகத் தோன்றவே, அதனை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இடையிலே நான்கு அங்குலம் விட்டுச் சேர்த்துப் பார்த்தார் என்பர். மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமாகும். 1971 ஆம் ஆண்டில் உற்பத்தி முடிவடைவதற்குள் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. எஞ்சின் 1952 இல் 803 கன சென்ரிமீற்றராகவும், 1956 இல் 948 ஆகவும், 1962 இல் 1098 ஆகவும் மாறிற்று. உங்கள் வண்டியில் எந்த எஞ்சின் இருக்கின்றது என்பதை அறிந்துகொள்வதே முதல் வேலை. முன்னைய உரிமையாளர்கள் ஒன்றை எடுத்து இன்னொன்றைப் பொருத்தியிருத்தல் நம் நாட்டிலே சாதாரணம். பழைய வண்டிக்குரிய பாகங்களைத் தேடுவோர் மனந்தளரவும் வேண்டியதில்லை. 1990 களில் மொறிஸ் மைனரின் பாகங்கள் சில இலங்கையிலேயே செய்யப்பெற்று இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. பிறந்த நாட்டுக்கே பாகம் அனுப்பும் கைத்திறன் நம்மிடத்தில் இருந்தது என்பதை மறத்தலாகாது.

இந்த வண்டிகளின் பொறுதியை வடபகுதி மக்கள் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறிந்திருக்கமாட்டார்கள். 1990 க்குப் பின்னர் பல ஆண்டுகளாக வடக்குக்குப் பெற்றோலும் பற்றறியும் உதிரிப் பாகங்களும் செல்லவிடாது தடை நிலவியபோது, ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயிலே ஓடின. எஞ்சினைக் கிளப்புவதற்குச் சில துளி பெற்றோல், சூடேறியபின் மண்ணெண்ணெய். இது விந்தையன்று, இதற்குக் காரணம் உண்டு. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுள்ளே எளிதில் ஆவியாகாது. ஆதலின் தொடக்கத்திலே பெற்றோல் வேண்டும். மேலும், மிகுந்த அமுக்கத்துக்கு உட்பட்டால் அது காலத்துக்கு முன்னரே வெடித்துத் தட்டும் ஓசையை உண்டாக்கும். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்ற அளவினது; இக்காலத்துக் கார்களிலோ பத்துக்கு ஒன்றும் அதற்கு மேலும் ஆகும். ஆகவே புதிய வண்டிகள் தோற்ற இடத்திலே பழையவை வென்றன. பெர்குசன் உழவு இயந்திரங்களுட் சில, தொழிற்சாலையிலிருந்தே இவ்வாறு இரண்டு எரிபொருளுக்கும் அமைந்து வந்தவைதாம்.

ஆயினும் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படையைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் வளையங்களைக் கடந்து, கீழேயுள்ள எண்ணெய்த் தொட்டியிலே சேரும். எண்ணெய் மட்டத்தைக் காட்டும் கோலை எடுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். இதனை உணர்ந்து அடிக்கடி எண்ணெய் மாற்றியவர்களின் எஞ்சின்கள் பிழைத்தன. மட்டம் ஏறியதைக் கண்டு மகிழ்ந்தவர்களின் எஞ்சின்கள் தேய்ந்தன. வண்டி நம்மோடு பேசுகின்றது. அதன் மொழியை அறிந்தவரே அதனைக் காக்கின்றார் என்பதற்கு இது தக்க சான்று.

இனி, வீட்டிலே செய்யத்தக்க வேலைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது எண்ணெயும் கிறீசும். எஞ்சின் எண்ணெயை மூவாயிரம் மைலுக்கு, அதாவது ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று. ஓட்டம் குறைந்த வண்டியாயினும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக. நம் வெப்பநிலைக்கு இருபது-ஐம்பது என்னும் தரத்து எண்ணெய் இவ்வெஞ்சின்களுக்கு ஏற்றது. மாற்றிய பழைய எண்ணெயை என் செய்வது? வேலியோரத்திலே ஊற்றிவிடுதல் பலருடைய வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மேலே ஊற்றியது கீழே கிணற்றைச் சென்றடையும். ஆதலால் அதனை ஒரு கலனிலே சேர்த்து, எடுத்துக்கொள்ளும் சேவை நிலையத்திலே ஒப்படைப்பதே முறை.

கிறீசைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மொறிஸ் மைனரின் முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் கீழ்முனையிலே திருகாணியைப் போன்ற மறை உண்டு. சில்லுத் திரும்பும்போதெல்லாம் அந்த மறை தன் கூட்டினுள்ளே சுழலுகின்றது. அதற்குக் கிறீஸ் கிடையாதபோது மறை தேய்கின்றது. தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் கழன்று, சில்லு மடிந்து வண்டி தெருவிலே குந்திவிடும். ஒழுங்கையிலே மெல்லச் செல்லும்போது நேர்ந்தால் அது நகைப்புக்கிடமாகும். விரைவாகச் செல்லும்போது நேர்ந்தால் உயிருக்கே கேடாகும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்து, பழைய கிறீஸ் வெளியே வரும்வரை புதியதைச் செலுத்துக. அப்போதே சில்லின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து ஆட்டிப் பார்க்க. அசைவு தெரிந்தால், அதன் காரணம் அறியப்படும்வரை வண்டியை ஓட்டலாகாது.

இரண்டாவது மின்சாரம். எஞ்சின் கிளம்பாவிட்டால், பதற்றத்தினால் கண்ட கண்ட திருகாணிகளைத் திருப்புதல் கூடாது. பொறி உண்டா, பெற்றோல் உண்டா என்னும் இரண்டு கேள்விகளை முறையே கேட்க. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியோடு இணைத்து, எஞ்சினின் உலோகத்தின்மீது கிடத்தி, எஞ்சினைச் சுழற்றிப் பாருங்கள். நீலப் பொறி பறந்தால் மின்சாரத்திலே குற்றமில்லை. அருகிலே பெற்றோல் திறந்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கழற்றிய பிளக்கின் நிறமும் ஒரு கடிதமே. வெளிறிய பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி, பெற்றோல் மிகுதியைக் காட்டும். வெண்மை, பெற்றோல் குறைவையும் மிகு வெப்பத்தையும் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு, வளையங்களோ வால்வு வழிகாட்டிகளோ தேய்ந்தமையைக் காட்டும்.

பொறி பலவீனமாயின், டிஸ்ரிபியூட்டருக்குள்ளே இருக்கும் தொடுமுனைகளைப் பாருங்கள். அவற்றின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 வரை இருத்தல் வேண்டும். பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 25. வால்வுகளின் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயிரத்தில் 12. வால்வுகளைச் சரிசெய்வதற்கு ஒன்பதின் விதி என்னும் எளிய முறை ஒன்றுண்டு. முன்னிருந்து பின்னாக ஒன்று முதல் எட்டுவரை வால்வுகளை எண்ணிக்கொள்க. எட்டாவது முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்க. ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதைச் சரிசெய்க. இவ்வாறே மற்றவையும். இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். சிறுவரும் ஒருமுறை கேட்டால் மறவாத கணக்கு இது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மொறிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலத்து வண்டிகளிலே மறைமுனை இணைக்கப்படுகின்றது. இதனை அறியாத இளந்தொழிலாளர், பற்றறியை மாற்றும்போது முனைகளையும் மாற்றிவிடக் கூடும். உங்கள் வண்டியின் நிலையை ஒரு சீட்டிலே எழுதிப் பற்றறியின் அருகே ஒட்டிவையுங்கள்.

பற்றறி சோர்ந்தாலும், கையால் சுழற்றும் தண்டு இவ்வண்டிகளுக்கு உண்டு. அதைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களின் பக்கத்திலேயே வைத்துக்கொள்க. சுற்றிப் பிடித்தல் ஆகாது. எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் பெருவிரலும் மணிக்கட்டும் முறியும். கீழ்நோக்கி அழுத்தாது, மேல்நோக்கி இழுப்பதே பாதுகாப்பானது.

மூன்றாவது எரிபொருளும் குளிர்நீரும். எஸ்.யூ. காபுரேற்றரின் மேலேயுள்ள சிறு மூடியைத் திறந்தால் ஒரு மெல்லிய தண்டு தோன்றும். அது அசையும் குழலிலே எண்ணெய் வற்றினால், விசை கொடுக்கும்போது வண்டி தயங்கும். சிறிது மெல்லிய எண்ணெய் விட்டாற் போதும்; காபுரேற்றரையே மாற்றவேண்டும் என்று எண்ணுவார்க்கு ஒரு கரண்டி எண்ணெயிலே விடை கிடைக்கலாம். நம் நாட்டில் 2002 முதல் ஈயம் கலவாத பெற்றோலே விற்கப்படுகின்றது. பழைய எஞ்சின்களின் வெளியேற்று வால்வுகள் அமரும் இடத்தை அந்த ஈயமே காத்துவந்தது. ஆதலின் எஞ்சினின் தலைப்பகுதி எப்போதாயினும் கழற்றப்படுமாயின், கடினமான உருக்கு வளையங்களை அவ்விடங்களிலே பதிப்பித்துக்கொள்ளுதல் அறிவுடைமை. அதுவரை வால்வு இடைவெளி விரைவாகக் குறைகின்றதா என்று கவனித்துவருக.

றேடியேற்றருக்குக் கிணற்று நீர் விடுவது பலரது வழக்கம். குடாநாட்டுக் கிணற்று நீரிலே சுண்ணாம்பு மிகுதி. கேத்தலின் உட்புறத்திலே படியும் அதே வெண்படிவு, றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். தூய மழைநீரைச் சேமித்துவைத்து, துருவைத் தடுக்கும் மருந்து கலந்து விடுதல் நன்று. பற்றறிக்கோ காய்ச்சி வடித்த நீரன்றி வேறொன்றும் ஆகாது. சூடான றேடியேற்றரின் மூடியைத் திறத்தல் எக்காலத்திலும் ஆகாது.

நான்காவது துரு. மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை; உடலே சட்டம். ஆகவே கதவின் கீழேயுள்ள பெட்டிப் பகுதிகளும், தரைத் தகடும், பின் வில்கள் பொருந்தும் இடங்களும் துருப்பிடித்தால், அழகு மாத்திரமன்று, வண்டியின் முதுகெலும்பே கெடுகின்றது. கடற்காற்று வீசும் நம் ஊர்களிலே இது விரைந்து நிகழும். ஒரு காந்தத்தை வண்டியின் கீழ்ப்பகுதிகளிலே ஓட்டிப் பாருங்கள். காந்தம் பற்றாத இடத்திலே தகடு இல்லை. பசையும் வர்ணமுமே உண்டு. கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைக் குச்சியால் திறந்துவைப்பது ஐந்து நிமிட வேலை; அதனைச் செய்யாமையின் விலையோ ஒரு புதிய கதவு. வெட்டி ஒட்டும் வேலையைத் தேர்ந்த வெல்டிங் தொழிலாளரிடமே விடுக.

ஐந்தாவதும் தலையாயதுமாகிய பொருள் பிறேக்கு. இக்காலத்து வண்டிகளிலே பிறேக்கு எண்ணெய் இரண்டு தனி வழிகளிலே செல்லும். ஒன்று பழுதாயினும் மற்றது காக்கும். மொறிஸ் மைனரிலோ ஒரே வழி. நான்கு சில்லுகளுள் எந்த ஒன்றின் இறப்பர்க் குழாய் வெடித்தாலும் நான்கும் பிடிக்காமற் போகும். எஞ்சுவது, பின் சில்லுகளைக் கம்பியால் இழுக்கும் கைப்பிறேக்கு ஒன்றே. அதனைப் பழுதறப் பேணுக. அதுவே உங்கள் இறுதித் துணை.

பிறேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் சேர்ந்தால் அது குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். உருளைகளும் உள்ளே துருப்பிடிக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்றுக. எஞ்சின் எண்ணெயையோ வேறு கனிப்பொருள் எண்ணெயையோ அவசரத்துக்கும் அதிலே ஊற்றலாகாது. இறப்பர் முத்திரைகள் வீங்கிக் கெட்டுவிடும். அதன் தலைமை உருளை சாரதியின் காலடித் தரைக்குக் கீழே மறைந்திருப்பதால், மட்டம் பார்ப்பதைப் பலர் மறந்தேபோகின்றனர். மிதிப்பலகையின் போக்கையும் உணர்ந்துகொள்ளுங்கள். பஞ்சைப்போல் மெத்தென்றிருந்தால் உள்ளே காற்று உண்டு. இரண்டாம் முறை மிதிக்கும்போது உயர்ந்து வந்தால் உள்ளேயுள்ள சப்பாத்துகளை நெருக்கிச் சரிசெய்தல் வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எண்ணெய் எங்கோ கசிகின்றது. அந்த வண்டியை அப்படியே நிறுத்திவிடுக. பழைய சப்பாத்துகளிலே கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசியை ஊதுதல் ஆகாது. ஈரத் துணியாலே துடைத்து, அத்துணியைக் கட்டி எறிந்துவிடுக.

வண்டிக்குக் கீழே செல்வதைப் பற்றியும் ஒரு சொல். ஜக் என்பது உயர்த்துவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. சமதரையிலே நிறுத்தி, எதிர்ப்புறச் சில்லுகளுக்கு அடைகொடுத்து, இரும்புத் தாங்கிகளின்மீது வண்டியை அமர்த்திய பின்னரே கீழே செல்க. தாங்கி இல்லையேல் அகன்ற கனத்த மரக்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். சீமேந்துக் கல்லை வைத்தல் கூடவே கூடாது; அது முன்னறிவிப்பின்றிப் பொடிந்துவிடும். கருவிகளிலும் கவனம் வேண்டும். இவ்வண்டியின் மரைகள் அங்குல அளவின. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர்; 13 மில்லிமீற்றர் ஸ்பானர் பொருந்துவதுபோலத் தோன்றி, இறுகிய மரையின் மூலைகளை வழித்துவிடும்.

நேயர்களே, 2020 மார்ச்சு மாதத்திலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களை மீண்டும் கொண்டுவர இடமளிக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேதான். அந்த ஆண்டுகளிலே முதிய வண்டிகளின் மதிப்பை நாடு முழுவதும் உணர்ந்தது. ஆனால் வண்டியைக் காட்டிலும் அரியதாகிவருவது அதனை அறிந்த கையாகும். ஓசையைக் கேட்டே குற்றத்தைச் சொல்லும் முதிய திருத்துநர்கள் நம் ஊர்களிலே ஒருவர் பின் ஒருவராக ஓய்வுபெறுகின்றனர். அவர்களின் கராச்சுகள் மூடப்படும்போது, எந்த நூலிலும் எழுதப்பெறாத அறிவும் உடன் மறைகின்றது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, வண்டிக்கென ஒரு கொப்பி வைத்து, செய்த வேலை, திகதி, ஓடிய மைல், மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதிவருக. மற்றது, முற்றத்திலே வேலை செய்யும்போது வீட்டுப் பிள்ளை ஒருவரை, மகனாயினும் மகளாயினும், அருகிலே நிறுத்தி விளக்கைப் பிடிக்கச் சொல்லுக. விளக்குப் பிடிக்கும் பிள்ளை சில நாளிலே கேள்வி கேட்கும். பின்னர் ஸ்பானரைக் கேட்கும். வண்டி என்றோ ஒரு நாள் ஓயத்தான் போகின்றது. பொருளின் இயல்பை அறிந்து, அதனைக் காத்து, பயன்கொள்ளும் பழக்கமோ அந்தப் பிள்ளையின் கையிலே நெடுங்காலம் தங்கும்.